பொட்டு இருந்த ஆறு மாதம்

ஜனவரி 9

மகளுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். பழையதைக் கிளற அல்ல. ஒரு விஷயம் இருக்கிறது.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா நேற்றுக் காலை மகள் பிரசவத்துக்குக் கிளம்பிவிட்டார். ஒரு கையில் துணிமூட்டை, இன்னொரு கையில் உன் எலிக் கூண்டு. என் வாசலில் வந்து நின்று, "அண்ணே, இதைப் பிடிங்க" என்றார்.

"நானா?" என்றேன்.

"பின்ன யாரு? உங்க பொண்ணு விட்டுட்டுப் போனது. மூணு மாசம் நான் பார்த்தாச்சு. வண்டி நிக்குது, நின்னு பேச நேரமில்ல." இரண்டு படி இறங்கியவர் திரும்பி, "ஒண்ணும் பண்ணிடாதீங்கண்ணே" என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது போல.

கூண்டு இப்போது சாப்பாட்டு மேசைமேல் இருக்கிறது. நான் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

தானியக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் மேற்பார்வை பார்த்தவன் நான். எலி எதைத் தின்னும் என்று என்னை யாரும் கேட்டதில்லை. எதைத் தின்றால் சாகும் என்றுதான் கேட்டார்கள். ஆகவே நீ எழுது. என்ன கொடுப்பது, எத்தனை வேளை, தண்ணீர் எப்படி, குளிருக்கு என்ன செய்வது. பதில் வரும்வரை கோதுமையும் தண்ணீரும் வைக்கிறேன்.

அப்பா

பி.கு. வால் ஆறிவிட்டது. நுனியில் கொஞ்சம் இல்லை, அவ்வளவுதான்.


ஜனவரி 13

அப்பாவுக்கு,

இனி உங்களோடு பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்பினேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. பொட்டுவுக்கு நல்ல காலம்.

அதற்குப் பெயர் பொட்டு. 'உன் எலி' அல்ல. நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக் குட்டிகள் மட்டும்தான் வேண்டும். இது நெற்றியில் கறுப்புப் புள்ளியோடு பிறந்தது. உதவாது என்று ஒதுக்கினார்கள். ஒதுக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாப்பாட்டு டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இங்கே அழைத்துவந்திருப்பேன். ஆனால் விடுதி அம்மாவிடம் கேட்டபோது, "இங்க பல்லிகூட என்னைக் கேட்டுட்டுத்தான் உள்ள வரணும்" என்றார்.

கோதுமை மட்டும் போதாது. ஓட்ஸ் ஒரு கரண்டி, சாயங்காலம். சூரியகாந்தி விதை இரண்டே இரண்டு. அதற்கு மேல் கேட்கும், கொடுக்காதீர்கள். ஆப்பிள் நகக்கண் அளவு. தண்ணீர்ப் புட்டியின் குழாய் நுனியில் ஒரு சின்னக் குண்டு இருக்கிறது, அது சிக்கிக்கொள்ளும். புட்டி நிறைய இருக்கிறதே என்று நம்பிவிடாமல் தினமும் விரலால் தட்டிப் பாருங்கள். கூண்டை அடுப்புக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம், ஜன்னல் காற்றிலும் வேண்டாம். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. குளிருக்கு, பழைய பருத்தித் துணி ஏதாவது, நன்றாக மெத்தென்று இருப்பதாகப் பார்த்துச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் போடுங்கள். மற்றதை அதுவே செய்துகொள்ளும்.

முடிந்தவரை நீங்கள் அதைத் தொட வேண்டாம். கூண்டைச் சுத்தம் செய்யும்போது ஒரு கோப்பையைச் சாய்த்து வைத்தால் அதுவே உள்ளே ஏறும்.

அக்டோபரில் சமையலறையில் நடந்ததை நான் மறக்கவில்லை. துடைப்பக்கட்டை தரையில் பட்ட சத்தம் இன்னும் கேட்கிறது. தெரியாமல் அடித்தீர்கள் என்று நம்ப எனக்கும் ஆசைதான். காலை எட்டு மணி, அப்பா. ஜன்னல் இரண்டும் திறந்திருந்தன. வெளிச்சம் நன்றாகவே இருந்தது.

மகள்


ஜனவரி 20

மகளுக்கு,

நீ எழுதியபடியே நடக்கிறது. ஓட்ஸ் வாங்கினேன். கடைக்காரர், "டாக்டர் சொன்னாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

தண்ணீர்க் குழாயில் குண்டு சிக்கியிருந்தது. நீ எழுதாமல் இருந்தால் கவனித்திருக்க மாட்டேன்.

துணியும் போட்டாயிற்று. வீட்டில் இருப்பதிலேயே மெத்தென்ற துணி. ஒவ்வொரு துண்டாக வாயில் கவ்வி மூலைக்குக் கொண்டுபோயிற்று. ஒரு துண்டு அதைவிடப் பெரிது. பின்பக்கமாகவே நடந்து இழுத்துக்கொண்டு போனது, கிடங்கில் புதிதாகச் சேர்ந்த ஆள் மூட்டை இழுப்பதைப் போல. நடுவில் இரண்டு தடவை நின்று இளைப்பாறியது. முழுவதையும் உருண்டையாகச் சுற்றி உள்ளே போய்ப் படுக்க முக்கால் மணி நேரம். நான் உட்கார்ந்து பார்க்கவில்லை. அந்தப் பக்கம் போகும்போது கண்ணில் பட்டது.

கூண்டைக் கீழே இறக்கி ஸ்டூலில் வைத்துவிட்டேன். இப்போது மேசையில் சாப்பிடுகிறேன்.

சமையலறை விஷயத்துக்கு இப்போது பதில் எழுத வரவில்லை.

அப்பா


ஜனவரி 26

மகளுக்கு,

உடனே தெரிவிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். பொட்டுவுக்கு உடம்பு சரியில்லை.

மூன்று நாளாகத் தும்மியது. நேற்று முதல் மூச்சு விடும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம். முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. விதைக்குக்கூட வரவில்லை. கூண்டைத் துண்டால் மூடிக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். முன்னால் ஒரு கன்றுக்குட்டி, இரண்டு நாய். என் முறை வந்ததும் டாக்டர் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, "எலியா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சார், நீங்க அந்தக் கிடங்கு சார் தானே?" என்றார். கேட்டுவிட்டுச் சிரித்துவிட்டார். சிரிக்கட்டும்.

குனிந்து முகர்ந்தவர் சிரிப்பை நிறுத்தினார். "கூண்டுக்குள்ள ஏன் சார் அந்துருண்டை நெடி அடிக்குது?"

துணியில் இருந்திருக்கிறது. இதன் நுரையீரல் ஒரு பட்டாணி அளவுகூட இல்லையாம். ஒரு வாரமாக அந்த நெடியிலேயே சுருண்டு படுத்திருந்திருக்கிறது. துணி எல்லாவற்றையும் எடுத்தெறிந்துவிட்டுக் கூண்டைக் கழுவச் சொன்னார். மருந்து தந்திருக்கிறார். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒரு சொட்டு. கையில் எடுக்காமல் கொடுக்க முடியாது. தொட வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். தொட்டேன்.

பிழைக்குமா என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்.

அப்பா


ஜனவரி 30

அப்பா,

அந்துருண்டையா? முப்பத்தொரு வருஷம் மருந்து வைத்தவருக்கு, புகை போட்டுக் கிடங்கை மூடி எத்தனை நாள் கழித்துத் திறக்கலாம் என்று ஊருக்கே சொன்னவருக்கு, அந்துருண்டை நெடி தெரியவில்லையா?

முதலில் துடைப்பம். இப்போது இது. தற்செயல் என்று நான் எத்தனை தடவை என்னைச் சமாதானப்படுத்திக்கொள்வது?

அது எந்தத் துணி? எங்கிருந்து எடுத்தீர்கள்?

உயிரோடு இருக்கிறதா என்று மட்டுமாவது ஒரு வரி எழுதுங்கள்.


பிப்ரவரி 4

மகளுக்கு,

உயிரோடு இருக்கிறது. நேற்று ஒன்பது ஓட்ஸ் மணி தின்றது. எண்ணினேன்.

நீ இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன்.

துணி உன் அம்மாவின் தகரப் பெட்டியில் இருந்தது. மெத்தென்ற பருத்தி என்று நீ எழுதினாய். இந்த வீட்டில் மெத்தென்ற பருத்தி வேறு எங்கே இருக்கிறது? என் சட்டைகளைத் தொட்டுப் பார்த்திருக்கிறாயே. அம்மா ஆஸ்பத்திரி வேலைக்குப் போட்ட நீலச் சட்டை, துவைத்துத் துவைத்து வெறும் நூலாகிப் போனது. அதில் ஒரு கையை மட்டும் வெட்டி எடுத்தேன். பதினோரு வருஷமாக அந்தப் பெட்டியை வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு விரற்கடை மட்டும் திறந்து, ஒரு கைப்பிடி அந்துருண்டையை உள்ளே போட்டு மூடியிருக்கிறேன். துணியை எடுத்துப் பார்த்ததில்லை. பூச்சி அரிக்காமல் இருந்தால் சரி.

நெடி எனக்குத் தெரியவில்லை என்பது பொய்யில்லை. இந்த மூக்குக்கு மருந்து வாசனை எதுவும் தெரியாது. வேலையை விட்ட பிறகும் திரும்பவில்லை. அந்தச் சட்டையை முகர்ந்துதான் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பழைய துணியில் வாசனை போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி சமையலறை. கூடத்தைப் பெருக்கி முடித்துச் சமையலறைக்குள் வந்தேன். சுவரோரமாக ஒன்று ஓடியது. சுவரோரமாக எது ஓடினாலும் என் கை என்னைக் கேட்டுக்கொண்டு எழும்பாது. துடைப்பத்தைத் திருப்பி ஓங்கியாயிற்று. வெள்ளையாக இருக்கிறதே என்று கண்ணுக்குத் தெரிந்தபோது கை பாதி வழியில் இருந்தது. மணிக்கட்டைத் திருப்பினேன். முதுகில் விழ வேண்டியது வாலில் விழுந்தது. நீ வாசற்படியில் நின்று அடியைப் பார்த்தாய். திருப்பியதைப் பார்க்கவில்லை.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பாய். "கொலைகாரர் நீங்க. வாழ்க்கை பூரா இதைத்தானே செஞ்சீங்க" என்றாய். பொட்டு விஷயத்தில் அது தப்பு. வாழ்க்கை விஷயத்தில் சரி. பாதி சரியான பேச்சுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

மருந்து இன்னும் நான்கு நாள்.

அப்பா


பிப்ரவரி 12

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. வேலைக்கு எடுத்துப்போய் எடுத்துவந்து மடிப்பில் கிழிந்தேவிட்டது. இங்கே எனக்கு வேலை விதைகளைப் பார்ப்பது. ஈரத்தாளில் நூறு விதை வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று நாள்தோறும் எண்ண வேண்டும். எண்ணிக்கொண்டே இருக்கும்போது மனம் வேறு எங்கோ போய்விடுகிறது. இந்த வாரம் முழுக்க உங்கள் கிடங்குக்குப் போயிற்று.

அம்மாவுக்கு ஞாயிறு வேலை இருந்தால் என்னை அங்கே கூட்டிப்போவீர்கள். மூட்டை அடுக்கின் மூன்றாவது படியில் உட்கார வைப்பீர்கள். அதற்கு மேல் ஏறினால் திட்டு. மேலே கூரையில் ஒரு கண்ணாடித் தகடு இருக்கும். அதன் வழியாக விழும் வெயிலில் தூசு மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும், ஒருபோதும் தரைக்கு வந்து சேராததுபோல. முந்தின சாயங்காலம் சுவரோரம் மெல்லிசாக மாவு தூவிவிட்டுப் போயிருப்பீர்கள். காலையில் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பதுபோலப் படிப்பீர்கள். "இது கிழவி. வலது பின்னங்கால இழுக்குது பாரு. இந்த ரெண்டும் புதுசு, இன்னும் பயம் போகல. இவன் வாலத் தூக்கிட்டுப் போறான், வயிறு நிறைஞ்ச திமிரு." நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதையெல்லாம் ஒப்பிப்பேன். "உங்க அப்பாவுக்கு மனுஷங்க முகம் மறந்துடும், எலி காலு மறக்காது" என்பார் அம்மா.

எலிக்கு வெட்டவெளி பயம், சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கும், மீசைதான் அதற்குக் கண், புதுப் பொருளைக் கண்டால் இரண்டு நாள் கிட்ட வராது. பொட்டுவை வளர்க்க ஆரம்பித்தபோது இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்திருந்தது. புத்தகத்தில் படித்தது என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். படிக்கவில்லை. மூன்றாவது படியில் உட்கார்ந்து கேட்டது.

ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. எனக்கு எட்டு வயது. ஒரு சாக்கைப் பிரித்தபோது உள்ளே எலிக்குஞ்சுகள். கண் திறக்காமல், ரோஜா நிறத்தில், விரல் நுனி அளவு. நீங்கள் என்னைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினீர்கள். திரும்பி வந்தபோது சாக்கு இல்லை. அவற்றை என்ன செய்தீர்கள்? அன்று கேட்கப் பயந்தேன்.

மகள்


பிப்ரவரி 19

மகளுக்கு,

ஏழு குஞ்சுகள். உன்னை அனுப்பிவிட்டு வாளித் தண்ணீரில் போட்டேன். வெளியே வயல் பக்கம் கொண்டுபோய் விட்டேன் என்று எழுதலாம். நீயும் நம்புவாய். ஆனால் இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறாய், பொய் எதற்கு?

அந்தக் கிடங்கில் இருந்த தானியம் நான்கு ஊருக்கு. ஒரு சாக்கில் ஏழு குஞ்சு என்றால் மூன்று மாதத்தில் என்ன ஆகும் என்பது எனக்கு மனப்பாடம். அதில் தப்பு செய்ததாக நான் நினைக்கவில்லை. உன்னைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினேன் பார், அதுதான் இப்போது யோசிக்க வைக்கிறது. தப்பில்லை என்றால் ஏன் அனுப்பினேன்?

அது போகட்டும். பொட்டு தேறிவிட்டது. நீ சொன்னதும் ஞாபகம் வந்து சாப்பாட்டு மேசையில் கொஞ்சம் மாவு தூவி விட்டுப் பார்த்தேன். முதலில் ஓரமாகவே போயிற்று. மேசைக்குச் சுவர் இல்லையே, என்ன செய்யும்? என் கையைச் சுவராக வைத்தேன். மீசையை உரசிக்கொண்டு முழங்கைவரை வந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. வால் குட்டையானதால் திரும்பும்போது லேசாகச் சாய்கிறது. மாவில் அந்த இடத்தில் இடது கால் தடம் அழுத்தமாக இருக்கிறது. ஆயிரம் எலி நடந்தாலும் இதன் தடத்தை நான் சொல்லிவிடுவேன்.

துணிக்குப் பதில் வெள்ளைத் தாள் கிழித்துப் போட்டிருக்கிறேன். எதிர் வீட்டுப் பையனின் பள்ளி நோட்டில் மிச்சமானது, மை இல்லாதது. உன் அம்மாவின் சட்டையைப் பெட்டியில் திரும்ப வைக்கவில்லை. மொட்டை மாடியில் வெயிலில் போட்டிருக்கிறேன், நெடி போகிறதா பார்ப்போம் என்று. போனாலும் எனக்குத் தெரியாது. நீ வந்தால்தான் முகர்ந்து சொல்ல முடியும்.

அப்பா


ஏப்ரல் 7

அன்புள்ள மகளுக்கு,

தையல்காரம்மா மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். பை இறக்கிய கையோடு வந்து நின்றார்.

"அண்ணே, குடுங்க, நான் பார்த்துக்கறேன். உங்களுக்கெதுக்குத் தொந்தரவு."

"வீட்டுல பச்சைக் குழந்தை இருக்கு. எலி எதுக்கு?" என்றேன்.

"அது கூண்டுல தானே இருக்கப்போகுது."

"கூண்டுல இருக்காது. சாயங்காலம் ஒரு மணி நேரம் மேசையில விடணும். பழக்கமாயிடுச்சு."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். மேசைமேல் நான் அட்டைக் குழாய்களை ஒட்டி ஒரு வழி செய்திருக்கிறேன். இரண்டு வளைவு, ஒரு இறக்கம், நடுவில் ஒரு மூடிய அறை. பொட்டு அந்த அறைக்குள் இருந்தது, வால் மட்டும் வெளியே.

"யாரு செஞ்சது?"

"சும்மா கிடந்த அட்டை."

"அடேயப்பா" என்று இடுப்பில் கை வைத்து நின்றார். "எனக்கு ஒரு நூல்பெட்டி செஞ்சு குடுங்கண்ணேன்னு ரெண்டு வருஷமா கேக்கறேன். கை வலிக்குதுன்னீங்க."

தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நேற்று நான்கு பேர் பார்க்க வந்தார்கள். பழைய கிடங்குக் காவலாளிகூட வந்தான். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சார், இதெல்லாம் அப்பவே தெரிஞ்சிருந்தா நம்ம வேலை என்னாயிருக்கும்?" என்றான். "வேலை நடந்திருக்கும். தூக்கம்தான் வந்திருக்காது" என்றேன்.

அப்பா


மே 15

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் வந்தால் அறையில் மற்ற மூவரும் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பொட்டு பற்றிய பகுதியை மட்டும் வாசிப்பேன், மீதியை மடித்து வைத்துக்கொள்வேன். அது உங்கள் சட்டைப் பைக்குள் இறங்கித் தூங்கியதை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்கள். சாப்பாட்டறைக்குப் போனால் விடுதி அம்மாகூடக் குழம்பு ஊற்றும்போது, "உங்க அப்பாவோட எலி எப்படி இருக்கு?" என்கிறார். அப்பாவின் எலி. நான் திருத்தவில்லை.

ஊரில் இருந்தபோது நாம் இருவரும் இவ்வளவு பேசியதே இல்லை. அம்மா போன பிறகு, சாப்பாடு ஆச்சா, கதவைத் தாழ் போட்டாச்சா, இவ்வளவுதான். இப்போது இந்த எலியை முன்னால் விட்டு, அதன் பின்னாலேயே நாம் இருவரும் மெதுவாகச் சுவரோரமாக நடந்து வருகிறோம். எனக்கு ஒரு பயம் இருக்கிறது. எழுதினால் பலித்துவிடும்போல இருப்பதால் எழுதவில்லை.

அதற்கு வயது எவ்வளவு என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

மகள்


ஜூன் 18

அன்புள்ள மகளுக்கு,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். பொட்டுவின் இடது முன்னங்காலுக்கு அடியில் ஒரு கட்டி. மூன்று வாரம் முன்பு கடுகு அளவில் விரலுக்குத் தட்டுப்பட்டது. கொழுப்பாக இருக்கும் என்று உனக்கு எழுதவில்லை. அது என் தப்பு. இப்போது நிலக்கடலை அளவு. கால் ஊன்ற முடியவில்லை. மூன்று காலால் நடக்கிறது. நேற்று நடக்கவும் இல்லை.

டாக்டர் பார்த்தார். எலிக்கு இது கிழ வயது, இப்போது அறுத்தால் மேசையிலேயே போய்விடும் என்கிறார். விட்டால் இரண்டு வாரம், மூன்று வாரம், வலியோடு. ஊசி போட்டால் வலி இல்லாமல் முடிந்துவிடும். "உங்களுக்குத் தெரியாததா சார்?" என்றார். எனக்குத் தெரியும். எப்போது வலி, எப்போது வெறும் சோர்வு என்று முதுகைப் பார்த்தே சொல்வேன். இது வலி.

ஆனால் நான் சொல்ல மாட்டேன். உன் எலி. இந்தக் கை ஒரு தடவை உன்னைக் கேட்காமல் ஓங்கியது போதும். நீ வந்து பார். வர முடியாவிட்டால் நீயே முடிவு செய்து எழுது. விட்டுவிடு என்றால் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

அவசரம் என்பதால் நேற்று போனும் செய்தேன். நீ எடுக்கவில்லை.

அப்பா


ஜூன் 22

அன்புள்ள அப்பா,

போன் அடித்தபோது கையில்தான் வைத்திருந்தேன். உங்கள் எண். பொட்டு விஷயம்தான் என்று தெரிந்துவிட்டது. எடுத்திருந்தால் அழுதிருப்பேன். எட்டு மாதம் கழித்து உங்களுக்குக் கேட்கும் முதல் குரல் அதுவாக இருக்க வேண்டாம் என்று, அது அடித்து ஓயும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஈரத்தாளில் நானூறு விதை இருக்கின்றன. பதினான்காம் நாள் எண்ணிக்கை முடியும்வரை நகர முடியாது. ஜூலை 4, சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். அதுவரை அதைக் காக்க வைப்பது எனக்காக. அதற்காக அல்ல. நான் முகம் பார்க்க வேண்டும் என்பதற்காக அது பன்னிரண்டு நாள் வலியில் கிடக்க வேண்டாம்.

ஊசி போட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். டாக்டர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள். அதற்கு அவர் வாசனை தெரியாது. உங்கள் கை தெரியும். தொட வேண்டாம் என்று எழுதியவளும் நான்தான், அப்பா. இப்போது நீங்கள்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். வேறு யார் பிடித்தாலும் எனக்கு நிம்மதி இருக்காது.

அன்று சமையலறையில் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் சரி என்று ஒப்புக்கொண்ட பாதியையும் சேர்த்து.

உங்கள் மகள்


ஜூன் 26

அன்புள்ள மகளுக்கு,

இன்று காலை பத்தரை மணிக்கு முடிந்தது.

கிளம்பும் முன் சூரியகாந்தி விதை கொடுத்தேன். இரண்டுக்கு மேல் வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தாய். ஆறு கொடுத்தேன். நான்கு தின்றது.

டாக்டர், "நீங்க வெளிய உக்காருங்க சார், நிறைய பேருக்குத் தாங்காது" என்றார். "எனக்கு இது தெரிஞ்ச வேலை" என்றேன். அவர் ஊசியை எடுத்தார். முதலில் மயக்க மருந்து. என் இடது உள்ளங்கையில் படுக்க வைத்து, வலது கையால் மூடி, மூக்கை மட்டும் வெளியே விட்டிருந்தேன். சட்டைக் கையில் இருந்த பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கடிக்கவில்லை. இரண்டாவது ஊசி அதற்குத் தெரிந்திருக்காது. எனக்குத்தான் உள்ளங்கையில் அந்தத் துடிப்பு தெரிந்துகொண்டே இருந்தது. பிறகு என் துடிப்பா அதனுடையதா என்று தெரியவில்லை. டாக்டர்தான் "சார், போதும்" என்றார்.

வெளியே வந்து செருப்பு மாட்ட முடியவில்லை. இடது காலை வலது செருப்பில் நுழைத்து நுழைத்துப் பார்க்கிறேன். பெஞ்சில் கிளிக்கூண்டோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். குனிந்து செருப்பை மாற்றி வைத்துவிட்டு, "என்ன வளர்த்தீங்க?" என்று கேட்டார்.

"எலி" என்றேன்.

எல்லாரும் இந்த இடத்தில் சிரிப்பார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. "ரொம்ப நாளா?" என்றார்.

முப்பத்தொரு வருஷம் எலிகளோடு இருந்தவன். அதெல்லாம் வாய்க்கு வரவில்லை. "ஆறு மாசம்" என்றேன். சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் தன் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன். உன் அம்மா போனபோதுகூட நீ பார்க்கிறாய் என்று அழவில்லை. அடக்கிக்கொண்டால் உனக்குத் தைரியமாக இருக்கும் என்று நினைத்தேன். நீ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாய் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு எதுவும் வலிக்காது என்று.

பின்பக்கம் செடிக்குக் கீழே புதைத்துவிட்டேன். ஆழமாக, பூனை தோண்டாதபடி. மேலே ஒரு கல் வைத்திருக்கிறேன். மேசைமேல் இருக்கும் அட்டைக் குழாய்களை எடுக்கவில்லை. நீ பார்த்த பிறகு எடுக்கலாம்.

இனி எதைப் பற்றி உனக்கு எழுதுவது என்று காலையிலிருந்து யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அதனால் இதற்கு மேல் எழுதப் போவதில்லை. நிலையத்துக்கு வருகிறேன். ரயில் ஆறே காலுக்கு வரும், நான் ஐந்தரைக்கே இருப்பேன். நீ பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி. நான் பேசிக்கொண்டு வருகிறேன். உன் பயணப் பெட்டியின் ஒரு பக்கத்தை நீ பிடித்துக்கொள், மறுபக்கம் நான்.

அப்பா